சவரக்கத்திக்கு ஒரு கல்

சவரக்கத்தியைத் தீட்டுகிற கல்லுக்கு என்ன விலை கொடுக்கலாம்? இருநூறு ரூபாயும் கொடுக்கலாம், இருபதாயிரமும் கொடுக்கலாம். இரண்டுமே நியாயமான விலையாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டுமே தண்டமாகவும் போகலாம். தங்கத்துக்கு உரைகல் இருக்கிறது. கல்லை எதில் உரைத்துப் பார்ப்பது? கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைகிற கேள்வி இதுதான்.

முதலில் எந்தக் கத்தியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு சலூனில் நீங்கள் பார்ப்பது பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகுகிற கத்தி. அதற்குக் கல் வேண்டாம், வார் வேண்டாம். நான் சொல்வது அதற்கு முந்தியது. முழுக்க ஒரே எஃகு, மடக்கினால் கைப்பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜெர்மனியில் சோலிங்கன், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, இரண்டு ஊர்களும் இந்தக் கத்திக்குப் பேர் போனவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, தேக்குப் பெட்டி இவற்றுக்கு நடுவே எப்போதாவது இந்தக் கத்தியும் கண்ணில் படும். "சோலிங்கன்" என்று எழுத்து வெட்டியிருந்தால் அதற்கு ஒரு விலை உண்டு. அதே பெட்டியில் ஒரு கல் கிடந்தால் பெரும்பாலும் அதற்கு விலை இல்லை. "அதையும் வேணும்னா எடுத்துக்கங்க தம்பி" என்பார்கள்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா. முடிதிருத்தும் தொழிலாளி. கடை வைப்பதற்கு முன்பு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் சவரம் செய்தவர். கத்தி, கல், கிண்ணி, கத்தரிக்கோல் எல்லாம் அடங்கிய தோல் பை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்கு அடைப்பம் என்று பெயர். ஐயாவின் அடைப்பம் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, உள்ளே கல்லோடு.

அந்தக் கல் ஏன் பரணுக்குப் போனது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த விழிப்புணர்வுப் பிரச்சாரங்களில் "புது பிளேடு போடச் சொல்லுங்கள்" என்பது முக்கியமான வாசகம். அது சரியான வாசகம். ஒரே கத்தியை ஊருக்கே போடுவது இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். ஆனால் பிளேடு வந்ததும் கல் போனது. கல்லோடு சேர்ந்து கல்லைப் பற்றித் தெரிந்தவர்களுக்கும் வேலை போனது. இப்போது இந்தக் கத்தி ஒரு ஆள் தன் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் சொந்தச் சாமான், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சரி, கல்லுக்கு வருவோம்.

நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம், ஒரு கருங்கல் துண்டில் தீட்டினால் என்ன என்று கேட்கலாம். அரிவாளுக்குச் சரி. சவரக்கத்திக்கு ஆகாது. கருங்கல்லில் இருக்கும் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடினம். தலைமுடியின் தடிமன் சுமார் 60 முதல் 100 மைக்ரான். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் வாய் அரை மைக்ரான் அளவுக்கு மெலிந்திருக்கும். அந்த வாயைக் கொண்டுபோய் அம்மியில் வைத்தால் என்ன ஆகும்? ஆக, நல்ல கல்லுக்கு முதல் இலக்கணம் துகள் நுண்மையாக இருப்பது. இரண்டாவது, எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது. இந்த இரண்டாவதுதான் அரிது. கல் முழுக்கப் பட்டாக இருந்து நடுவில் ஒரே ஒரு முரட்டு மணல் இருந்தாலும் போதும், ஒவ்வொரு இழுப்பிலும் அது வாயில் ஒரு கீறல் போட்டுவிடும்.

தீட்டும் முறை எளிமையானது. கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி படுக்க வைத்து, வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானித்துவிடும், சுமார் 16, 17 டிகிரி. கோணம் பிடிக்கும் கஷ்டம் நமக்கு இல்லை. முதலில் 1000 கிரிட் கல்லில் வாயின் இரண்டு பக்கச் சரிவும் சரியாகச் சந்திக்கும்வரை தேய்க்க வேண்டும். பிறகு 4000, பிறகு 8000, அதற்கு மேல் பளபளப்புக் கல், கடைசியாகத் தோல் வார். கிரிட் எண் ஏற ஏறத் துகள் சிறுத்துக்கொண்டே போகும். 1000-ல் 10 மைக்ரானுக்குச் சற்று மேலே, 8000-ல் ஒன்றிரண்டு மைக்ரான்.

இந்த எண் போட்ட கற்கள் எல்லாம் தொழிற்சாலையில் செய்தவை. இவற்றுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நம் ஊர்க் கதை.

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்தான். நிறத்துக்குக் காரணமான கலப்பு மட்டும் வேறு. அந்தக் கனிமத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். வைரத்துக்கு அடுத்த கடினம். ரத்தினமாகத் தேறாத சாதாரணக் குருந்தத்தைப் பொடி செய்து, பட்டை தீட்டவும் சாணை பிடிக்கவும் நம்மவர்கள் பயன்படுத்தினார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இன்றும் குருந்தம் இருக்கிறது. ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அந்தச் சொல்லின் மூலம் நம் குருந்தம்தான் என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன.

1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சசன் என்பவர் களிமண்ணையும் கல்கரியையும் கலந்து மின்சாரத்தால் சூடாக்கினார். மின்ன மின்னப் படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்து "கார்பொரண்டம்" என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு, அதில் கொரண்டம் இல்லவே இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது, அந்தப் பெயரிலேயே கம்பெனியும் வந்தது. 1954-ல் அந்த அமெரிக்கக் கம்பெனியும் ஒரு இங்கிலாந்துக் கம்பெனியும் முருகப்பா குழுமமும் சேர்ந்து சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை. முருகப்பா குடும்பம் எந்த ஊர்? காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூர். 1900-ல் பர்மாவின் மௌல்மீனில் வட்டிக்கடையாக ஆரம்பித்தவர்கள்.

நம் குருந்தம் ஆங்கிலத்துக்குப் போய், அமெரிக்காவில் தப்பான காரணத்துக்காக இன்னொரு பொருளுக்குப் பெயராகி, கடைசியில் ஒரு பள்ளத்தூர்க் குடும்பத்தின் நிறுவனப் பெயர்ப்பலகையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடல் கடந்து போய்ச் சம்பாதித்துத் திரும்புவது செட்டிநாட்டு மனிதர்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல போலிருக்கிறது!

செயற்கைக் கல்லின் பெரிய நன்மை, மேலே போட்டிருக்கும் எண்ணை நம்பலாம் என்பது. ஜப்பானின் நானிவா, அமெரிக்காவின் நார்ட்டன் போன்றவர்களின் 8000 கல்லை எங்கே வாங்கினாலும் அந்தந்தக் கம்பெனிக் கல் அது அதுமாதிரியேதான் இருக்கும். இயற்கைக் கல் அப்படியில்லை. ஒரே சுரங்கத்தின் அடுத்தடுத்த இரண்டு அடுக்கு வேறு வேறாக இருக்கும்.

இயற்கைக் கல்லில் பேர் பெற்றவை சில உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் என்ற ஊரைச் சுற்றி, வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு கல் வெட்டுகிறார்கள். பெயர் கொட்டிக்யூல். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கார்னெட் என்ற கனிமத்தின் நுண்துகள்கள் (நவரத்தினத்தில் வரும் கோமேதகம் கார்னெட் குடும்பம்தான்). அந்தத் துகள்கள் கூர்முனை இல்லாமல் ஓரளவு உருண்டிருப்பதால், அவற்றின் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிட ஆழம் குறைந்த கீறலே விழும். சின்னத் துண்டுக் கல்லால் மேலே தேய்த்துப் பால் எடுத்தால் வேகமாக வெட்டும். தண்ணீர் விட்டுப் பாலை நீர்க்கச் செய்துகொண்டே போனால் மெருகேற்றும். ஒரே கல், மூன்று வேலை.

ஜெர்மனியில் துரிங்கியா பகுதியின் சிலேட்டு வகைக் கல் இன்னொன்று. சோன்னபெர்க் ஊர் எஷர் கம்பெனி லேபிள் ஒட்டி விற்றது. இப்போது அந்தக் கல் வருவதில்லை. அதனால் பழைய கல்லில் லேபிள் கிழியாமல் இருந்தால் விலை எகிறுகிறது. லேபிள் உரிந்துபோன அதே கல் அதைவிடக் குறைவாகத்தான் போகும். ஜப்பானில் கியோட்டோ பக்கத்து நகயாமா கல்லுக்கும் இதே கதை, அங்கே லேபிளுக்குப் பதில் முத்திரை. லேபிள் தாடியை மழிக்காது என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கொடுக்கிறார்கள். சேகரிப்பவருக்கு அது ஒரு வரலாற்றுப் பொருள், அதைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தேவை தீட்டுகிற கல். ஆகவே பெயர் தெரியாத கல்லை எப்படிச் சோதிப்பது என்பதில் இறங்கினேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையில் பழைய எடைக்கற்களோடு கிடந்த சாம்பல் நிறக் கல் ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். எண்ணெய் ஊறிக் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது. அதற்குச் செய்த சோதனைகள் இவை. உங்களுக்கும் உதவும்.

ஒன்று, தட்டிப் பார்ப்பது. பானை வாங்கும்போது அப்பத்தா சுண்டிப் பார்ப்பார்களே, அதேதான். கல்லை நூலில் தொங்கவிட்டு விரலால் தட்டினால் கணீர் என்று வர வேண்டும். மொத்தென்று வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம்.

இரண்டு, கழுவிச் சமமாக்குவது. பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பழைய பல் துலக்கும் பிரஷ். பிறகு தடித்த கண்ணாடிப் பலகைமேல் வாட்டர் எமரி பேப்பரை வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கல் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டால் எந்த இடம் இன்னும் பள்ளம் என்று தெரியும். ஏன் கண்ணாடி? ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்ப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். நம் கையில் சுலபமாகக் கிடைக்கும் பொருள்களில் அவ்வளவு சமமானது வேறில்லை.

மூன்று, அடர்த்தி. சமையல் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முக்கிப் பிடிக்க வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில் (ஆர்க்கிமிடீஸ் தாத்தா வாழ்க). என் கல்லின் எடை 310 கிராம், முக்கியபோது காட்டியது 112. வகுத்தால் 2.77. சிலேட்டு வகைக் கற்கள் இங்கேதான் வரும். கொட்டிக்யூலாக இருந்தால் கார்னெட்டின் கனத்தால் 3-ஐத் தாண்டும். செயற்கைக் கல்லில் பெரும்பாலும் நுண்துளைகள் இருப்பதால் எண் இன்னும் கீழே வரும்.

நான்கு, கீறல். கத்தியின் வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, பத்து இழுப்பு இழுத்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. கீறல்கள் ஒரே சீராக இருக்கின்றனவா, நடுவில் தனியாக ஒரு ஆழமான கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கோடு விழுந்து, கல்லைச் சமமாக்கிய பின்பும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கல்லைக் காய்கறிக் கத்திக்கு ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவும் செய்து கத்தியைத் தீட்டிக் கன்னத்தில் வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகமாக இல்லை. இப்போது யார் குற்றம்? கல்லா? கத்தியின் எஃகா? அல்லது என் கையா?

இங்கேதான் உண்மையான சிக்கல். கணக்கு மொழியில் சொன்னால் ஒரு சமன்பாடு, மூன்று மாறிகள். தனித்த ஒரே தீர்வு கிடையாது. கல்லின் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மற்ற இரண்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். தெரிந்த கத்தி கிடைக்கும். தெரிந்த கைக்கு எங்கே போவது? புதிதாகத் தொடங்குகிறவர்கள் இயற்கைக் கல்லில் ஆரம்பிக்க வேண்டாம், 1000-மும் 4000/8000 இரட்டைக் கல்லும் போதும் என்று நான் சொல்வதும் இதனால்தான். எண் நம்பகமான கல்லில் பழகினால், பிழை வந்தால் அது கையில்தான் என்று தெரிந்துவிடும். கை ஒரு நிலைக்கு வந்த பிறகு தெரியாத கல்லை எடுக்கலாம்.

எனக்குத் தெரிந்த கை வீட்டிலேயே இருந்தது. ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கையில் லேசான நடுக்கம் இருக்கிறது, கத்தி கல்லில் படுத்துவிட்டால் அது நின்றுவிடுகிறது. நான் செய்த நாலு சோதனையையும் பார்த்துச் சிரித்தார். கல்லை வாங்கிக் கட்டைவிரல் நகத்தில் ஓரத்தால் ஒரு தேய்ப்பு. நகத்தில் வெள்ளைக் கோடு விழவில்லை. "சின்னக் கல்லு" என்றார். நுண்ணிய கல் என்று அர்த்தம். பிறகு தண்ணீர் விட்டு இழுத்தார்.

"சத்தத்தக் கேளு அப்பு. சர்ர்ருன்னு வந்தா இன்னும் வேலை கெடக்கு. சத்தம் அடங்கிருச்சுன்னா கல்லு குடுக்கிறதக் குடுத்திருச்சு. அதுக்கு மேல தேய்ச்சா வாயி கெட்டுப்போகும்."

கொஞ்ச நேரத்தில் கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது போல இருந்தது. என் கையில் கொடுத்தார். ஆமாம், ஈரக் கண்ணாடி இரண்டு ஒட்டிக்கொண்டதைப் பிரிப்பது போல ஒரு பிடிப்பு. வாயின் சரிவு முழுக்கச் சமமாகக் கல்லில் படுத்துவிட்டால்தான் அப்படி வரும் என்று பிறகு யோசித்துப் புரிந்துகொண்டேன்.

ஐயா சொன்ன தீர்ப்பு: "கடைசிக் கல்லு இது. மொதல்ல இதுல போட்டா விடிய விடியத் தேய்க்கணும்." அதாவது 8000-க்குப் பிறகு போட வேண்டிய, மெதுவாக வேலை செய்கிற மெருகுக் கல். 250 ரூபாய்க்கு அது ரொம்ப நல்ல விலை. இதைத் துரிங்கியா கல் என்று சொல்லி யாருக்காவது விற்க முடியுமா? நிறமும் அடர்த்தியும் ஒத்துப்போகின்றன. ஆனால் உலகத்தில் இருக்கிற எத்தனையோ சிலேட்டுகளுக்கும் அதே நிறம், அதே அடர்த்தி. பெயர் கண்டுபிடிப்பது வேறு, மதிப்புக் கண்டுபிடிப்பது வேறு. முதலாவதில் நான் தோற்றாலும் இரண்டாவது கைக்குக் கிடைத்துவிட்டது.

பரணில் இருந்த அவருடைய கல்லையும் இறக்கினேன். குதிரைச் சேணம் மாதிரி நடுவில் பள்ளம். அடைப்பத்தைக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டியபோது, கத்திக்கும் தோல் பைக்கும் நல்ல விலை சொன்னார். கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குழி விழுந்திருச்சே தம்பி, அம்பது ரூவாய்க்கு மேல போகாது" என்றார். அவர் தொழிலில் அது சரியான விலைதான். அந்தப் பள்ளத்திலிருந்து போனது எத்தனை ஆயிரம் முகங்களுக்கான தீட்டல் என்பதற்கு அவர் விலை போட முடியாது.

ஐயாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "அன்னைக்கு மட்டும் என்ன?" என்றார். வருஷக் கூலி நெல்லாக வரும். பெரிய வீடுகளில் திண்ணையோடு சரி, வளவுக்குள் போனதில்லை. உள்ளே எந்த ஊர்க் கண்ணாடி, எந்த ஊர் பளிங்கு என்று ஊரே பேசும். வெளியே திண்ணையில் மழித்த கத்தி எந்தக் கல்லில் தீட்டியது, அந்தக் கல்லை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லையாம். "நீதான் கேக்குற."

இன்றைக்கு வெளிநாட்டில் ஒரு பழைய கல்லுக்காக ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவதெல்லாம், இந்தக் கல் என்ன செய்யும், எதற்குப் பிறகு போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற தகவல்தான். அது ஐயாவின் காதிலும் நகத்திலும் இருக்கிறது. எழுதி வைக்கப்படவில்லை. என் தராசுக்கும் பூதக்கண்ணாடிக்கும் கிடைத்தது பாதி விடை. மீதிப் பாதி எண்பது வயதைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம்: எடை, அடர்த்தி, பாலின் நிறம், எத்தனை இழுப்பில் சத்தம் அடங்கியது, அந்தத் தீட்டல் எத்தனை சவரத்துக்குத் தாங்கியது. கடைசி வரி ஐயா சொன்னது, அவர் சொன்னபடியே. விலை போடும்போது எதை எதைப் பார்ப்பது என்பதையும் அங்கேயே எழுதிக்கொண்டேன். வெடிப்பு இல்லாமை, ஒரே சீரான துகள், தேய்க்க மிச்சமிருக்கும் தடிமன், எந்தக் கட்டத்துக்கான கல் என்பது, இவை நான்குக்கும் காசு கொடுக்கலாம். அகலத்துக்குப் பெரிதாகக் கொடுக்க வேண்டாம், சவரக்கத்திக்கு ஒன்றரை அங்குலம் இருந்தாலே சமாளிக்கலாம். பெயருக்குக் கொடுப்பது அவரவர் வசதி.

உங்கள் வீட்டுப் பக்கத்திலும் பிளேடு வருவதற்கு முன்பு தொழில் செய்த ஒரு பெரியவர் இருப்பார். கையில் கல் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கல் இல்லாவிட்டாலும் போங்கள், அவரிடம் ஒன்று இருக்கும்.